ஒற்றை அம்பயர்

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து, பள்ளி வேன்கள் ஒவ்வொன்றாக ஜி.எஸ்.டி. சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது பியூலாவிடமிருந்து செய்தி வந்தது. 'அக்கா, ஞாயித்துக்கிழமை நான் வரல. இனிமேலும் வரல. சாரி.'

செல்வமேரி கைப்பேசியைப் பார்த்தபடி மைதானத்து ஓரத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். காலையிலிருந்து ஐந்து வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் ஓட வைத்திருந்தாள். முட்டி வலித்தது.

ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவள் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரியில் படித்தபோது மாவட்ட அணிக்கு சாஃப்ட்பால் ஆடியவள். அந்தப் பழக்கத்தில், தாம்பரத்தைச் சுற்றி ஞாயிறுதோறும் நடக்கும் பேஸ்பால் லீக்குக்கு நாலு வருடத்துக்கு முன் ஒரு நாள் வேடிக்கை பார்க்கப் போனாள். அன்று அம்பயர் வரவில்லை. "மேடம், உங்களுக்கு ரூல்ஸ் தெரியும்ல, கொஞ்சம் நில்லுங்களேன்" என்றார் லீக்கின் செயலாளர் சூர்யநாராயணன். நின்றாள். அடுத்த வாரமும் நின்றாள். அதற்கடுத்த சீசனில் அம்பயர்களைப் பிடித்து வருவது, யார் எங்கே நிற்பது என்று பிரித்துவிடுவது, அவர்கள் புலம்பலைக் கேட்பது எல்லாமே அவள் வேலையாகிவிட்டது. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை, அவள் மறுக்கவும் இல்லை.

இந்த சீசன் தொடங்கும்போது ஒன்பது அம்பயர்கள் இருந்தார்கள். ஒருவர் வேலை மாறிப் போனார். ஒருவருக்கு மனைவி தடை போட்டார். ஒருவர் இரண்டாவது ஆட்டத்திலேயே தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, "இந்தப் பேச்சைக் கேக்கறதுக்கு நான் என் பொண்டாட்டிகிட்டயே பேச்சு வாங்கிக்குவேன்" என்று சொல்லிக் கிளம்பினார். மற்ற இருவர் காரணம் சொல்லாமலே போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்கள். மிஞ்சியது அவளையும் சேர்த்து நாலு பேர். இப்போது மூன்று.

பியூலா ஏன் நின்றுவிட்டாள் என்று செல்வமேரிக்கு ஓரளவு தெரியும். பியூலா கிழக்குத் தாம்பரத்துப் பெண், உடற்கல்வி மேற்படிப்பு படிப்பவள். மூன்று வாரத்துக்கு முன் ஊரப்பாக்கம் மைதானத்தில் அவள் ஒரு ஆட்டக்காரனுக்கு அவுட் கொடுத்தபோது வேலிக்கு வெளியே நின்ற கும்பல் ஏதோ கத்தியது. ஆட்டம் முடிந்ததும் வந்து சொன்னாள். அப்போது செல்வமேரி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "காதுல போட்டுக்காதம்மா. என்னையும் எவ்வளவோ சொல்லிருக்காங்க. பழகிடும்" என்றாள், தலையை நிமிர்த்தாமல். பியூலா தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கம், படப்பை என்று இரண்டு மைதானங்களில் ஆட்டம் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அம்பயர் வேண்டும். ஒருவர் பந்தடிப்பவருக்குப் பின்னால், இன்னொருவர் நடுவில். செல்வமேரி மிஞ்சியவர்களில் ஒருவரான தினகரனைக் கூப்பிட்டாள். தினகரன் ஊரப்பாக்கத்துப் பழைய குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகு மனை விற்கிறவர். தன் ஊர் மைதானத்தைத் தாண்டி எங்கேயும் வரமாட்டார்.

"படப்பையா? நான் எங்க மேடம் அவ்ளோ தூரம்? பதினோரு மணிக்கு பார்ட்டி சைட் பாக்க வராங்க."

கடைசியில் அவளும் தினகரனும் ஊரப்பாக்கம், பாலு மட்டும் தனியாகப் படப்பை என்று முடிவாயிற்று. பாலு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வீடு படப்பையிலேயே. முப்பத்திரண்டு வயது. அவள் பிடித்து வந்த ஆட்களில் அவனைவிட நல்ல அம்பயர் கிடையாது. அதனால்தான் கஷ்டமான ஆட்டமெல்லாம் அவன் தலையில் விழுந்தது.

"தனியாவா அக்கா?" என்று கேட்டான் போனில். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த குரல்.

"ஆள் இல்ல பாலு. இந்த ஒரு வாரம் சமாளிச்சிடு."

"சரிக்கா. பாத்துக்கலாம்."

* * *

ஞாயிறு மதியம் ஊரப்பாக்கத்து ஆட்டம் முடிந்து பையைத் திறந்தபோது கைப்பேசியில் சூர்யநாராயணனின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் பெரிசா இல்ல மேடம். படப்பையில ஒரு சின்ன பிரச்சினை. பாலுக்குக் கையில லேசா அடி. நீங்க ஒரு எட்டு போய்ப் பாத்துட்டா நல்லா இருக்கும். நான் இங்க மாமியார் வீட்டுல மாட்டிக்கிட்டேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு வண்டலூர் வழியாகப் படப்பைக்குப் போனாள். மைதானத்தில் யாரும் இல்லை. இரண்டு அணிகளும் போய்விட்டிருந்தன. ஓடுபவர்கள் தொட்டு நிற்கும் பேஸ் மெத்தைகள் அங்கங்கே அப்படியே கிடந்தன. ஓரத்தில் கருவேல மர நிழலில் பாலு உட்கார்ந்திருந்தான். இடது கையில் ஈரத் துண்டு சுற்றியிருந்தது. முகமூடியும் நெஞ்சுக் கவசமும் பக்கத்தில் கிடந்தன. ஒரு கையால் கவசத்தைக் கழற்றுவதற்குள் சட்டை கிழிந்திருந்தது.

"யாரும் கூட இல்லையா?" என்று கேட்டாள்.

"எல்லாம் போய்ட்டாங்கக்கா. இருந்து மட்டும் இன்னா பண்ணப் போறாங்க?"

நடந்ததை அவன் மெதுவாகச் சொன்னான். கடைசிச் சுற்று. மேடவாக்கம் அணி ஒரு ரன் பின்னால். இன்னும் ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த அணியின் கேப்டன் ஹர்ஷா இரண்டாவது பேஸில் நின்றார். பந்தடித்தவன் ஓங்கி அடிக்க, பந்து முள்புதர் வரைக்கும் போய்விட்டது.

"புதர்கிட்ட நின்ன பையன் பந்தைப் புட்ச்சானா, தரைல பட்டுச்சானு பாக்கணும்ல? நடுவுல ஆள் இருந்தா அவரு பாத்துக்குவாரு. யாரும் இல்லையே. நானே ஓடினேன். தரைல பட்டுச்சு. கையைக் காட்டிட்டு திரும்பி ஓடியாந்தேன். அதுக்குள்ள ஹர்ஷா சார் வந்துகினே கீறாரு, பந்தும் வந்துகினே கீது."

ஓடி வருபவர் தரையில் பதித்த வெள்ளைப் பலகையைத் தொட்டுவிட்டால் ரன். அதற்கு முன், பலகைக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் பந்தோடு அவரைத் தொட்டுவிட்டால் அவுட். பாலு வந்து நின்ற இடத்தில் கேட்சரின் முதுகுதான் தெரிந்தது. கையுறை கீழே போனது தெரிந்தது. ஹர்ஷாவின் கால் சறுக்கிப் புழுதி கிளம்பியது தெரிந்தது. அவுட் என்று கையை உயர்த்தினான்.

"அவரு எழுந்தாரு. தலைல இருந்த ஹெல்மெட்டைக் கழட்டி வீசினாரு. நான் தூக்கின கை இறங்கல. நேரா விரல்ல."

படப்பைக் கடைத்தெருவில் இருந்த சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் விரிசல். கட்டுப் போட்டு, ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். பாலு தலையாட்டினான். வெளியே வந்ததும், "லைன்ல பாரம் தூக்காம இன்னா வேலைக்கா கீது?" என்றான், சிரிக்கிற மாதிரி.

வீட்டு வாசலில் அவன் மனைவி சுபத்ரா நின்றுகொண்டிருந்தாள். யாரோ அதற்குள் சொல்லியிருந்தார்கள். கட்டைப் பார்த்தாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போகச் சொல்லிவிட்டு செல்வமேரியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானேக்கா இவரை அனுப்பிச்சது?"

"ஆமாம்மா."

"ஷிஃப்ட் முடிஞ்சு காலைல வந்தாரு. கண்ணு செவசெவன்னு கீது. போவாதன்னேன். அக்கா ஆள் இல்லாம தவிக்குது, போய்ட்டு வந்துடறேன்னாரு. நீங்க தவிச்சீங்க, சரி. இப்ப எங்க தவிப்பை யாரு பாக்கறது?"

சுபத்ரா விடவில்லை.

"அடிச்சாரே அந்த ஆளு, இவரு கையைப் பாத்து ஒரு வார்த்தை கேட்டாரா?"

"கேக்கல போலிருக்கு."

"கேக்க மாட்டாங்க. நீங்களாவது கேட்டீங்களா, தனியா போறியே, எப்படிப் பாப்பேன்னு?"

உள்ளேயிருந்து பாலு, "சுபத்ரா, வுடு. அக்காவுக்கு தண்ணி குடு" என்றான். சுபத்ரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபம் குறையாமலே கொடுத்தாள். செல்வமேரி குடித்துவிட்டு, சொம்பைத் திண்டில் வைத்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்" என்றாள். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

* * *

அன்று மாலையே லீக்கின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. மேடவாக்கம் அணிக்காரர் ஒருவர் எடுத்தது. மெதுவாக ஓட விட்டிருந்தார்கள். ஹர்ஷாவின் கால் பலகையைத் தொடுகிறது. கேட்சரின் கையுறை அவர் தொடைக்கு நாலு விரல் தள்ளிக் காற்றில் போகிறது. அதற்குப் பிறகுதான் உடம்பில் படுகிறது. சந்தேகமே இல்லை. ரன்தான். பாலுவின் கை மேலே போகும்போது வீடியோ நின்றுவிட்டது. ஹெல்மெட் அதில் இல்லை.

கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன. 'அம்பயருக்குக் கண்ணாடி வாங்க எல்லாரும் காசு போடுவோம்' என்று ஒருவர். 'ஷிஃப்ட்ல தூங்காம கிரவுண்ட்ல தூங்கினா இப்படித்தான்' என்று இன்னொருவர்.

செல்வமேரி நீளமாக ஒரு பதில் அடித்தாள். அழித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடி அழித்தாள்.

அவள் கணவன் பிரிட்டோ, ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவன், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவனுடையது. மத்தியானம் அவளுக்காக எடுத்து வைத்த கறிக்குழம்பு ஆறிப்போய் மேலே கொழுப்பு கட்டியிருந்தது. அதை மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தான்.

"மாதா கோயிலுக்கும் ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குத்தான் போற. அங்கயும் பைக்குள்ள போன் உறுமிக்கிட்டே கெடக்குது. உனக்கு இது தேவையா மேரி?"

"தெரியல."

"விட்டுடேன்."

"பாலு கைய ஒடச்சிட்டு விடச் சொல்றியா?"

"நீயா ஒடச்ச?"

அவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவள் சொல்ல நினைத்தது வேறு. பாலுவின் முடிவு சரியாக இருந்திருந்தால் அவனுக்காகச் சண்டை போடுவது சுலபம். தப்பாகச் சொன்னவனுக்காக என்ன சொல்லிச் சண்டை போடுவது?

* * *

புதன்கிழமை மாலை கூட்டம். ஹர்ஷா குடியிருக்கும் மேடவாக்கம் அடுக்குமாடியின் கிளப் ஹவுஸில் வைத்திருந்தார்கள். அதுவே செல்வமேரிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இலவசமாகக் குளிர்சாதன அறை வேறு எங்கே கிடைக்கும் என்று சூர்யநாராயணன் கேட்டார். அவரும் பொல்லாதவர் அல்ல. வங்கியில் வேலை, வீட்டில் படுத்திருக்கும் அப்பா, அதோடு இந்த லீக். அணிகள் விலகிவிடுமோ என்கிற பயம் அவரை எப்போதும் பாதிப் பேச்சிலேயே நிறுத்திவிடும். லீக்குக்குப் பந்தும் சட்டையும் கொடுப்பது ஹர்ஷாவின் கம்பெனி.

பாலுவை வர வேண்டாம் என்றுதான் செல்வமேரி சொல்லியிருந்தாள். அவன் பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்றான். தண்ணீர் லாரி ஒன்று கேட்டை அடைத்துக்கொண்டு குழாய் போட்டிருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"வேலை இன்னாச்சு?" என்று கேட்டாள்.

"கட்டு அவுத்ததும் வான்றாரு காண்ட்ராக்டர். பாக்கலாம்."

உள்ளே பெரிய திரையில் வீடியோவைப் போட்டார்கள். ஒருமுறை, பிறகு மெதுவாக, பிறகு நிறுத்தி. ஹர்ஷா நாற்பது வயதுக்காரர். அமெரிக்காவில் சில வருடம் இருந்தபோது இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தவர். நன்றாக ஆடுவார். திரையைப் பார்க்கும்போது மறுபடியும் அவர் முகம் இறுகியது.

"இது ரன். நாங்க அந்த மேட்ச் தோத்திருக்கவே மாட்டோம். நான் கேக்கறது ரீமேட்ச், அவ்ளோதான்" என்றார்.

சூர்யநாராயணன் செல்வமேரியைப் பார்த்தார். "மேடம், அம்பயர் சைடுல என்ன சொல்றீங்க?"

செல்வமேரி வாயைத் திறப்பதற்குள் பாலு எழுந்தான்.

"ரன்தான் சார்."

எல்லோரும் திரையை விட்டு அவன் பக்கம் திரும்பினார்கள்.

"நான் தப்பா குடுத்துட்டேன். அன்னிக்கே ஒரு டவுட்டு இருந்துச்சு. வீடியோ பாத்ததும் தெரிஞ்சுடுச்சு. நான் நின்ன இடத்துலர்ந்து தெரியல, தெரியாமயே கையைத் தூக்கிட்டேன். ஹர்ஷா சார், சாரி சார்."

ஹர்ஷா இதை எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். "ஓகே. இட்ஸ் ஓகே" என்றார்.

"ஆனா ரிசல்ட்டை மாத்தாதீங்க சார்" என்றான் பாலு சூர்யநாராயணனிடம். "மாத்தினா அடுத்த வாரத்துலர்ந்து ஆளாளுக்கு போனைத் தூக்கினு வருவாங்க. எவனும் நிக்க மாட்டான். அவ்ளோதான் எனக்கு."

உட்கார்ந்துவிட்டான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான்.

சூர்யநாராயணனுக்கு முகம் தெளிந்தது. "இவ்ளோ பெருந்தன்மையா ஒத்துக்கிட்டாரு. ரிசல்ட் அப்படியே இருக்கட்டும். ஹர்ஷாவும் பெரிய மனசு பண்ணி விட்டுடணும். ரெண்டு சைடும் முடிஞ்சுது. காபி சொல்லலாமா?"

"முடியல சார்" என்றாள் செல்வமேரி.

அவள் குரல் அவளுக்கே அலுப்பாகக் கேட்டது. வகுப்பில் கடைசிப் பீரியடில் பேசுகிற குரல்.

"பாலு தப்பு பண்ணினான், சொல்லிட்டான். அவனைத் தனியா அனுப்பினது என் தப்பு, அதையும் சொல்லிடறேன். ரெண்டு பேர் நிக்க வேண்டிய இடத்துல ஒருத்தனை நிறுத்தினா எல்லாத்தையும் அவனால பாக்க முடியாது. இப்ப ஹெல்மெட்டைப் பத்திப் பேசுவோம்."

"மேடம், நான் தரையிலதான் வீசினேன்" என்றார் ஹர்ஷா. "அவர் மேல எய்ம் பண்ணல. இட் ஜஸ்ட் ஹேப்பன்ட்."

"எய்ம் பண்ணலன்னே வச்சுக்குவோம். விரல்ல பட்டுச்சு. அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?"

"அந்த ஹீட்ல..."

"கார்ல ஏறிப் போயிட்டீங்க. உங்க டீம் போச்சு, எதிர் டீமும் போச்சு. நான் வர்ற வரைக்கும் இவன் தனியா மரத்தடியில உட்கார்ந்திருந்தான். ஆறு வாரம் வேலை இல்ல இவனுக்கு."

"ஹாஸ்பிடல் செலவு நான் பாத்துக்கறேன்னு சூர்யாகிட்ட அன்னைக்கே சொன்னேனே."

"இவன்கிட்ட சொன்னீங்களா?"

ஹர்ஷா பாலுவைப் பார்த்தார். பாலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் சங்கடமாக இருந்தது.

"இந்த சீசன் முழுக்க நீங்க ஆடக் கூடாது" என்றாள் செல்வமேரி. "அது ஒண்ணு. ரெண்டு அம்பயர் இல்லன்னா அந்த மேட்ச் நடக்காது. அது இன்னொண்ணு. இது ரெண்டும் இல்லன்னா ஞாயித்துக்கிழமை அம்பயர் யாரும் வர மாட்டாங்க."

அப்படிச் சொல்ல அவள் யாரையும் கேட்டிருக்கவில்லை. தினகரன் வருவார் என்று அவளுக்குத் தெரியும். தன் ஊர் மைதானத்துக்கு எப்படியும் வந்துவிடுவார். யாரும் அதைக் கண்டுபிடித்துக் கேட்கவில்லை.

சூர்யநாராயணன், "மேடம், ரெண்டு மேட்ச் சஸ்பென்ஷன்னு வச்சுக்குவோமே..." என்று தொடங்கினார்.

ஹர்ஷா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நோ நீட். நானே ஆடல. டீம் ஆடட்டும், நான் வரல. சாட்டர்டே சண்டே ஃபேமிலியோட இருக்கேன். இந்த ஸ்பான்சர் தலைவலியும் எனக்கு வேண்டாம்." கதவு வரை போனவர் திரும்பி வந்தார். பாலுவின் எதிரில் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். "கை... பாத்துக்கோங்க" என்றார். போய்விட்டார்.

காபி வந்தது. யாரும் சரியாகக் குடிக்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் சூர்யநாராயணன் அவள் பின்னாலேயே வந்தார். "நீங்க கேட்டது நியாயம்தான் மேடம். நான் இல்லேங்கல. ஆனா சட்டைக்கும் பாலுக்கும் இனிமே நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

"எந்தப் பாலு சார்?"

"பந்து மேடம், பந்து."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முன்பைவிட அலுப்பாக இருந்தது. பாலுவைப் பின்னால் உட்கார வைத்து, கேம்ப் ரோடு நெரிசலில் ஊர்ந்து, தாம்பரம் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டாள். இறங்கியதும், "நீங்க அவ்ளோ பேசியிருக்க வேணாம்க்கா" என்றான். பேசியது தப்பு என்கிறானா, அவளுக்காகச் சொல்கிறானா என்று கேட்பதற்குள் படப்பை பஸ் வந்துவிட்டது.

* * *

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் கிழக்குத் தாம்பரத்தில் பியூலாவின் வீட்டுக்குப் போனாள். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு மாடி வீடு. பியூலா கதவைத் திறந்ததும், "அக்கா, நான் வரலன்னு சொன்னேனே" என்றாள்.

"கூப்பிட வரல. அன்னைக்கு என்ன கத்தினாங்கன்னு நான் கேக்கவே இல்ல. அதைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

பியூலா கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்தாள். செல்வமேரியும் ஒரு படி கீழே, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பியூலா சொன்னாள். அவர்கள் கத்திய வார்த்தைகளைச் சொன்னாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், உள்ளே அம்மா இருந்ததால். அது ஒரு நாள் மட்டும் அல்ல என்றாள். அடுத்த வாரமும் அதே ஆட்கள் வந்தார்கள். ரயில் நிலையம் வரைக்கும் பைக்கில் பின்னாலேயே வந்தார்கள். அவள் நடைமேடையில் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"அதை ஏன்மா என்கிட்ட சொல்லல?"

"பழகிடும்னு சொன்னீங்களே அக்கா."

செல்வமேரி படியின் விளிம்பில் பெயர்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினாள். "எனக்கும் பழகல. பழகிட்டேன்னு சொல்லிச் சொல்லி வந்துட்டேன்" என்றாள்.

உள்ளேயிருந்து டீ வந்தது. படிப்பு, பரீட்சை, அம்மாவின் சர்க்கரை என்று பேச்சு எங்கெங்கோ போனது. செல்வமேரி எழுந்து செருப்பை மாட்டும்போது பியூலாதான் கேட்டாள்.

"பாலு அண்ணனுக்குக் கை எப்படி இருக்கு?"

"கட்டு போட்டிருக்கு."

"அன்னைக்கு ரெண்டாவது ஆளா நிக்க வேண்டியது நான்தானே அக்கா."

"அப்படி யோசிக்காத. ஆள் பாக்க வேண்டியது நான்."

"ஞாயித்துக்கிழமை எங்க?"

"படப்பை. இந்த வாரம் அங்க மட்டும்தான் மேட்ச். தினகரன் சார் அங்க வர மாட்டாரு. நானும் யாராவது ஒருத்தரும் நிக்கணும். இல்லன்னா மேட்ச் இல்ல. இனிமே அப்படித்தான்."

பியூலா யோசித்தாள். "போகும்போதும் வரும்போதும் உங்க வண்டியில வரேன். என்னைத் தனியா விடக் கூடாது. எவனாவது வாயைத் திறந்தா அங்கேயே ஆட்டத்தை நிறுத்தணும்."

"நிறுத்தறேன்."

"சும்மா சொல்லக் கூடாது."

"சும்மா சொல்லல."

* * *

ஞாயிறு அவள் ஒருமுறை நிறுத்த வேண்டியிருந்தது. மேடவாக்கம் அணிக்காரர்களின் சிநேகிதன் ஒருவன் வேலியோரத்திலிருந்து பியூலாவைப் பார்த்து ஏதோ சொன்னான். பெரிதாக ஒன்றும் இல்லை. செல்வமேரி கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாள். "இந்தத் தம்பி வெளியே போனாத்தான் மேட்ச்" என்றாள் அந்த அணியிடம். அவர்கள் முனகினார்கள். வெயில் சுட்டது. எல்லோரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் அவர்களே அவனிடம் போய்ப் பேச, அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆட்டம் நடந்தது. பியூலா பலகைக்குப் பின்னால் முகமூடியோடு நின்றாள். ஹர்ஷா இல்லாத அணி தோற்றது. யாரும் யாருக்கும் கை கொடுக்காமல் கலைந்தார்கள்.

மெத்தைகளை எடுக்கும்போதுதான் பாலு வருவதைப் பார்த்தாள். லுங்கி, ஒரு பழைய டீ-ஷர்ட், கையில் அழுக்கேறிய கட்டு.

"வூட்ல இருந்தே சத்தம் கேட்டுச்சு. முடிஞ்சதும் வரலாம்னு இருந்தேன்" என்றான்.

"சுபத்ராவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டுத்தான் வந்தேன். கால் மணில வந்துடணும்னு கண்டிஷன்." பிறகு சொன்னான்: "இனிமே நிக்க மாட்டேன்க்கா. கை சரியானாலும். அவளுக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"சரி பாலு."

சொல்லிவிட்டாள். அவனை இன்னொருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கவில்லை.

பாலு வெள்ளைப் பலகை இருந்த இடத்துக்கு நடந்தான். கொஞ்சம் தள்ளி ஒரு இடத்தில் நின்றான். "இங்கதான்க்கா நின்னேன். முள்ளுலேர்ந்து ஓடியாந்து இங்கதான் நிக்க முடிஞ்சுது. பியூலா, நீ கேட்சர் மாதிரி கொஞ்சம் குந்துமா."

பியூலா முகமூடியைத் தலையில் தூக்கிவிட்டுக்கொண்டு குந்தினாள். பாலு நகர்ந்து இடம் விட, செல்வமேரி அவன் நின்ற இடத்தில் போய் நின்றாள். பியூலாவின் முதுகும் தோளும்தான் தெரிந்தன. பலகையின் ஒரு மூலைகூடத் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். இடது பக்கம் சாய்ந்து பார்த்தாள்.

"எனக்கும் தெரியல பாலு."

"தெரியாதுல்ல?"

"தெரியாது. ரெண்டு அடி அந்தாண்ட வந்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ புதர்லேர்ந்து வந்ததுக்கு அந்த ரெண்டு அடிக்கு நேரம் இருந்திருக்காது."

பாலு அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். ஒரு வாரமாக இதை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறான் என்பது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு மூச்சை விட்டான். "சரி, வரேன்க்கா. அவ தேடுவா" என்றான். நல்ல கையால் ஒரு மெத்தையைத் தூக்கி, அவள் வண்டி நின்ற இடம் வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டு, தெருப்பக்கம் நடந்தான்.

பியூலா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் கவசப் பை. மணிமங்கலம் சாலையைத் தாண்டும்போது, "அக்கா, அடுத்த வாரத்துக்கு என் கிளாஸ்ல ஒரு பொண்ணைக் கேக்கட்டுமா? அவளுக்கு ரூல்ஸ் ஒண்ணும் தெரியாது" என்றாள்.

"வரட்டும்" என்றாள் செல்வமேரி. "முதல்ல வேடிக்கை பாக்கட்டும். நிக்கச் சொல்ல வேண்டாம்."